‘அதேதான்’ கடை விதை

என் அண்ணன் விதைக்கடை வைத்திருக்கிறான். தெருவில் அவனுக்கு ‘அதேதான்’ என்று பெயர். எந்த விதையைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. பக்கத்தில் இருக்கும் மூட்டையைத் தட்டி, அதேதான் இது என்பான். தட்டிய விரலாலேயே பல்லையும் குத்திக்கொள்வான். பார்க்கவே குமட்டும். சின்ன வயதில் அம்மா உப்பு வாங்கிவரச் சொன்னால் சோடா மாவோடு வந்து, இதுவும் வெள்ளைதானே என்பான். அப்போது சிரித்துத் தொலைத்தோம்.

கோடையில் விதைத்தாலும் கதிர் தள்ளுகிற குறுகிய கால நெல் கேட்டு அவனிடம் போனேன். அது தீர்ந்துபோயிருந்தது. பகல் சுருங்கினால் மட்டுமே பூக்கிற நெல்லை எடுத்து, வாய் கூசாமல் அதே பேரைச் சொல்லித் தந்தான். கூடப் பிறந்தவனாயிற்றே என்று நம்பி விதைத்தோம். வருடம் முழுக்க எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு அந்த ஒரு வயல்தான்.

பயிர் என்னவோ தளதளவென்று வளர்ந்தது. இடுப்பைத் தாண்டி என் கணவரின் தோளைத் தொட்டது. கதிர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. பகல் நீண்டுகொண்டே போனது. அந்த நெல்லுக்கோ இரவு நீள வேண்டும். அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். வரப்பில் காறித் துப்பிவிட்டு, உரத்தை அள்ளிக் கொட்டியிருப்பாய் என்று பழியை என் தலையில் போட்டான். வைக்கோலாவது தன் மாட்டுக்கு ஆகும் என்றும் சொல்லிவிட்டுப் போனான். சீ, என்ன ஜென்மம்.

பகல் குறைந்த பிறகு ஒருவழியாகக் கதிர் வந்தது. அதற்கு முன்பே குளிரும் வந்திருந்தது. கதிர் உள்ளே கருவாக இருந்தபோதே குளிர் தாக்கியதில் மகரந்தம் செத்து, ஒரு மணியிலும் பால் பிடிக்கவில்லை. கதிர்கள் தலை சாயாமல் விறைத்து நின்றன. அத்தனையும் பதர்.

அதிலும் ஒரு கொத்தை எனக்குத் தெரியாமல் அறுத்துப்போய்க் கடை வாசலில் தொங்கவிட்டிருந்தான். நான் போனபோது விதை வாங்க வந்த இரண்டு பேர் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கல்லாவில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

“என் தங்கச்சி வயல்ல வந்தது. கோடையில வெதைச்சது. எவ்வளவு நீளம் பாருங்க.”

கொத்தை அறுத்தெடுத்து, உள்ளங்கையில் கசக்கி, அவன் தட்டுக்கு நேரே ஊதினேன். என் கையில் ஒரு அரிசிகூட மிஞ்சவில்லை. உமி மொத்தமும் அவன் சோற்றில் போய் ஒட்டிக்கொண்டது.

“இந்த வருஷம் நாங்க திங்கப்போறது இதைத்தான்,” என்றேன்.

வந்தவர்கள் படியிறங்கிப் போய்விட்டார்கள். அவர்கள் போவதை அண்ணன் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. உமியை விரலால் ஓரம் தள்ளிவிட்டு, மிச்சச் சோற்றை வழித்துத் தின்றான்.