ஹைப்போவில் போடாத படம்

அவளுக்கு வீட்டில் சுகாதாரம் என்று பெயர். வைத்தவர் அக்காவின் வீட்டுக்காரர். பஸ் சீட்டைத் துடைக்காமல் உட்காரமாட்டாள். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைப் பார்த்தாலே முகம் சுளிப்பாள். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. பிள்ளைகள் கழுவாமல் போட்டுவிட்டுப் போகும் சோதனைக் குழாய்களைப் பதினேழு வருடமாகக் கழுவி வந்த வியாதி இது என்று அவளே சொல்வாள்.

அப்படிப்பட்டவள் சனிக்கிழமை தவறாமல் அக்கா வீட்டுக் குளியலறையில் விரல் கறுக்கப் படம் அச்சிட்டாள் என்றால் யார் நம்புவார்கள்? இரும்பு உப்பையும் வெள்ளி நைட்ரேட்டையும் கரைத்து, மங்கலான மஞ்சள் பல்பின் கீழ் தாளில் பிரஷ்ஷால் பூசிக் காயவைத்து, மேலே நெகட்டிவ் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி மொட்டைமாடி வெயிலில் காட்டினால், பழுப்பு நிறத்தில் படம் எழும்பி வரும். கரைசல் பட்ட விரலில் ஒரு வாரத்துக்குக் கறை போகாது. கண்டக்டர் அவள் கையைத் தொடாமல் சில்லறையைப் போடுவார்.

அத்தனையையும் அவள் பொறுத்துக்கொண்டது கடைசி வேலைக்காக. படத்தை நிலைக்கவைக்கிற ஹைப்போ கரைசலில் ஊறவைத்து, பிறகு ஓடுகிற தண்ணீரில் நாற்பது நிமிடம் அலச வேண்டும். மிச்சமிருக்கும் உப்பெல்லாம் போய், படம் மட்டும் நிற்கும். முழுசாகக் கழுவி முடிக்க முடிந்த பொருள் உலகத்தில் இது ஒன்றுதான் என்பது அவள் கட்சி.

படம் எடுப்பவர் அத்தான். கலைஞர். மருந்து அளக்கிற குடுவையில் டீ குடிப்பார். பூசின பிரஷ்ஷை அப்படியே சோப்பு டப்பாவில் போடுவார். ஈரக் கையைக் கதவுத் திரையில் துடைப்பார். அக்கா அந்தத் திரையை வாரம் முழுக்கத் தேய்ப்பாள். தங்கை அந்தக் குடுவையை மூன்று தடவை கழுவுவாள்.

அத்தானின் முதல் கண்காட்சி வந்தது. பன்னிரண்டு படங்கள். பள்ளியில் தேர்வு நடந்ததால் அந்த வாரம் அவள் கைகொடுக்க முடியவில்லை. அத்தான் தானே அச்சிட்டுவிட்டார். சனிக்கிழமை வந்து பார்த்தால், கொடியில் பன்னிரண்டும் தொங்குகின்றன. நடுவில் அக்காவின் படம். சமையலறை ஜன்னலோரம் நிற்கிறாள். பாதி முகத்தில் வெளிச்சம், மீதி பாதியில் அடர்ந்த பழுப்பு நிழல். தங்கையே ஒரு நிமிடம் அசந்துபோனாள். பிறகுதான் அலமாரியில் பிரிக்காமல் இருந்த ஹைப்போ பொட்டலம் கண்ணில் பட்டது.

"அத்தான், ஹைப்போல போடவே இல்லையா?"

"போட்டா வெளுத்துடுது. இந்த ஆழத்தைப் பாரு, எங்க கிடைக்கும் இது?"

"வெளிச்சம் படப் பட மொத்தமும் கறுத்துடும். ஆறு மாசம் தாங்காது."

"கண்காட்சியே ரெண்டு வாரம்தான், சுகாதாரம்."

"வாங்கிட்டுப் போறவங்க?"

"அவங்க சுவத்துல என்ன ஆனா எனக்கென்ன?" என்று சொல்லி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சட்டம் போடுகிற கடைக்குக் கிளம்பினார்.

எச்சில் தட்டில் பரிமாறுகிற ஆளைப் பார்த்ததுபோல் இருந்தது அவளுக்கு. பொட்டலத்தைப் பிரித்தாள். கரைத்தாள். பதினொரு படங்களை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினாள். கொஞ்சம் வெளுக்கத்தான் செய்தது. பன்னிரண்டாவதற்குக் கை நீட்டியபோது அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"இதை விட்டுடு."

"உன் மூஞ்சியே தெரியாமப் போயிடும்க்கா."

"போகட்டும். நான் இவ்வளவு அழகா எதுலயும் இருந்ததில்ல. இதை மாட்டி வச்சா, அங்கயாவது அவர் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாரில்ல?"

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த மனுஷன் மேல் வந்த அருவருப்பில் பாதி இப்போது அக்கா மேல் திரும்பியது. இருபது வருடம் குடித்தனம் நடத்தியவள், ஒரு பார்வைக்காகக் கெட்டுப்போகிற தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே. ஆனாலும் அக்கா முகத்தைப் பார்த்து அவளால் மறுக்க முடியவில்லை. கழுவாத ஸ்பூனைத் தொட்டியில் விட்டுவிட்டுத் தூங்கத் தெரியாதவள், அந்தப் படத்தை அப்படியே மறுபடி கொடியில் மாட்டினாள். தன் கையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மற்ற பதினொன்றும் வெளுத்திருந்ததை அத்தான் கவனிக்கவே இல்லை.

கண்காட்சி திறந்த மாலை, அத்தான் அக்காவின் படத்தை விட்டு நகரவில்லை. தாள் எங்கே வாங்கியது, வெயில் எத்தனை நிமிடம், பிரஷ் எந்தப் பக்கம் இழுத்தது என்று வந்தவர்களிடமெல்லாம் விளக்கினார். அக்கா மூன்றடி தள்ளி, அவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பெரியவர், "இது யாருங்க, மாடலா?" என்று கேட்டார். அத்தான் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "வீட்ல எடுத்ததுதான் சார், நிழலைப் பாருங்க" என்றார்.

கூட்டம் கலைந்ததும் அக்கா அவர் பையை ஒரு நாற்காலியில் வைத்தாள். தானே எட்டிப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தங்கையிடம் கொடுத்தாள்.

"வீட்டுக்குப் போய் முதல்ல இதை ஹைப்போல போடு" என்றாள். "வெளுத்தா வெளுக்கட்டும். நான் இருக்கணும்."