டாக்டர் ஏனுங்க

போனில் யாராவது கணவர் பெயரைக் கேட்டால் வசந்தாமணி எழுத்தெழுத்தாகத்தான் சொல்வார். "என் ஃபார் நான்சி, ஏ ஃபார் ஆப்பிள்..." கடைசி எழுத்து முடிந்ததும் அந்தப் பக்கத்து ஆள்தான் சேர்த்து வாசித்து, சரியா என்று கேட்க வேண்டும். "யெஸ், யெஸ், தட் ஒன்லி" என்பார். வங்கியானாலும் இன்ஷூரன்ஸானாலும் இதே கூத்துதான். கட்டினவர் பெயரை வாயால் சொல்லக் கூடாதென்று காங்கயத்தில் படிந்த பழக்கம், டெக்சாஸில் தலை நரைத்த பிறகும் விடுவேனா என்றது.

பிளானோவைத் தாண்டி, டோல்வே என்கிற சுங்கச்சாலை முடிந்து, மாட்டுப் பண்ணைகள் தொடங்கிய பிறகு வருகிற சிற்றூர் எல்டன் க்ராசிங். அங்கே கால்நடை மருத்துவராக இருந்தவர் அவர் கணவர். கிளினிக்கின் முன் மேசை வசந்தாமணியுடையது. காட்டன் சேலை, மேலே ஃப்ளீஸ் ஜாக்கெட், காலில் கௌபாய் பூட்ஸ். கடிக்க வரும் நாயைக்கூட "சும்மா இரு சாமி" என்றுதான் அதட்டுவார், அதுவும் அடங்கிவிடும். உள்ளே இருப்பவரைக் கூப்பிட ஒரே சொல்தான், "ஏனுங்க." அதையே பெயர் என்று நினைத்த பண்ணைக்காரர் ஒருவர், வருடா வருடம் 'டாக்டர் ஏனுங்க' என்று எழுதி கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். டாக்டர் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டார், ஒருநாளும் திருத்தவில்லை.

ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் அவர் டாக்டர் பழனிச்சாமி. பழனிச்சாமி என்பது அவருடைய அப்பா பெயர். விசாவுக்கு எழுதும்போது கடைசிப் பெயராக ஒட்டிக்கொண்டது, அப்படியே நிலைத்துவிட்டது. "எங்க மாமனாரு கோயமுத்தூரத் தாண்டுனதில்லீங்க. இங்க ஊரே அவரத்தான் கூப்புடுது" என்பார் வசந்தாமணி.

போன குளிர்காலத்தில் டாக்டர் போய்விட்டார். கன்று ஈன முடியாமல் தவித்த மாட்டைப் பார்த்துவிட்டு வந்தவர், அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். பிறகு எழவில்லை. அந்த அம்மாளுக்கு அதிலிருந்து எதிலும் பிடிப்பில்லை. புது டாக்டர் வந்த பிறகும் அதே மேசையில்தான் இருக்கிறார். ஆனால் உள்ளே யாரையும் கூப்பிடுவதில்லை. எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வருகிறார்.

இந்த அக்டோபரில் ஊர் தோன்றி நூற்றைம்பது ஆண்டு. ஊர்வலம், பேண்டு வாத்தியம் எல்லாம் மதியத்துக்கு மேல். காலையில் கோர்ட் கட்டடத்தின் முன் கூடி, ஊருக்கு உழைத்து மறைந்தவர்களை நினைப்பார்கள். வீட்டார் ஒருவர் மைக்கில் பெயர் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்லும். பிறகு பழைய மணி ஒருமுறை ஒலிக்கும். வீட்டார் சொல்லாவிட்டால் மேயரே அவர்களுடைய கடைசிப் பெயரை மட்டும் வாசித்துவிடுவார்.

பெயர் சொல்ல, மகள் தாமரைச்செல்வி பிளசன்டனிலிருந்து விமானத்தில் வருவதாக ஏற்பாடு. அன்று விடிந்ததும் அவளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, ஃப்ளைட் கேன்சல்ட். யூ ஹாவ் டு சே இட்."

"நா எப்புடி கண்ணு சொல்றது? மேயரே படிக்கட்டும்."

"தென் இட்ஸ் தாத்தாஸ் நேம். நாட் அப்பாஸ்."

வசந்தாமணி போனை வைத்தார். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு காரை எடுத்தார்.

மேயர் கூப்பிட்டதும் போய் மைக்கின் முன் நின்றார். எதிரே அத்தனையும் பழகின முகங்கள். எழுத்தெழுத்தாகச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பாவம், திணறுகிறார் என்று மேயர் பக்கத்தில் வந்து, "டாக்டர் பழனி..." என்று தொடங்கினார். வசந்தாமணி மைக்கைக் கையால் பொத்தினார்.

"நோ. தட் இஸ் ஹிஸ் ஃபாதர்."

கையை எடுத்தார். "நஞ்சுண்டன்" என்றார்.

கூட்டம் "நான்ஜன்டான்" என்று திருப்பிச் சொன்னது. மணிக்கயிற்றைப் பிடித்திருந்தவர் இழுக்கப் போனார். வசந்தாமணி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மைக்கை வாய்க்கு அருகே இழுத்து, மெதுவாக, "நஞ்... சுண்... டன்" என்றார். ஊர் மொத்தமும் ஒழுங்காகச் சொல்லும்வரை கையை இறக்கவில்லை.