மாவு மில் என்று நான் எழுதிய சீட்டு

1. மைக் டாக்டர்

விருத்தாசலத்திலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நான் பொறுப்பேற்ற முதல் நாள், காலை பத்து மணிக்கே ஓபி சீட்டு தீர்ந்துபோனது. வெளியே வரிசை சைக்கிள் ஸ்டாண்டு வரை நிற்கிறது. ஸ்டாஃப் நர்ஸ் மேரி கொஞ்சமும் பதறாமல் போன வருடத்துக் காலண்டரை எடுத்துத் தாள் தாளாகக் கிழித்து, பின்பக்கத்தில் பேர் எழுத ஆரம்பித்தார்.

"என்ன சிஸ்டர் இது?"

"மாசக் கடைசில இப்புடித்தாங்க மேடம். தாளு வழவழன்னு நல்லா இருக்குது பாருங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் தென்காசிப் பக்கத்துக்காரி. கோபம் வந்தால் மறைக்கத் தெரியாது. மேலதிகாரிக்குப் போன் போட்டு, ராக்கெட் விடுகிற நாட்டில் நோயாளியின் பேர் எழுதத் தாள் இல்லையா என்று கேட்டேன். அவர் சொன்னார்: "மேடம், இது ஆபீஸ் போன். மீட்டிங்ல பேசுற மாதிரி பேசாதீங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் மீட்டிங்கில் பேசுகிறவள்தான். மருத்துவர் சங்கக் கூட்டம், ஆசிரியர் சங்க மாநாடு, தெருமுனை என்று எங்கே கூப்பிட்டாலும் போவேன். அரசு ஊழியர் அரசியல் பேசக்கூடாதென்று இரண்டு தடவை மெமோ வாங்கியிருக்கிறேன். மேரிதான் எனக்கு 'மைக் டாக்டர்' என்று பேர் வைத்தது. அது அவருக்கும் வாட்ச்மேனுக்கும் இடையில் ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், ஊருக்கே தெரிந்திருந்தது.

என் கருத்துகளை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. காப்பீட்டு அட்டையைக் கொடுத்துவிட்டால் மருத்துவம் கொடுத்ததாகிவிடாது. அட்டையைத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆஸ்பத்திரி வேண்டும். அது அரசாங்கத்துடையதாக இருக்க வேண்டும். பட்ஜெட்டில் பணம் அட்டைக்குப் போகிறது, அட்டை தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. என் நிலையத்தில் லேப் டெக்னீஷியன் இடம் காலியாகவே கிடக்கிறது. வயிற்றைக் கிழித்துத் தைக்க அட்டையில் இடமுண்டு. நோயே வராமல் தடுக்க அதில் ஒரு வரிகூடக் கிடையாது. தில்லியில் யார் உட்கார்ந்தாலும் நான் இதைத்தான் கேட்பேன். தாள் பார்க்காமல் ஒரு மணி நேரம் பேசுவேன், கை தட்டுவார்கள்.

அப்படிப் பேசிக்கொண்டிருந்த வருடங்களில்தான் இந்தத் தப்பைச் செய்தேன். இளம் டாக்டர்கள் படிக்க வேண்டுமென்று இதை எழுதுகிறேன். மேடையில் இதை இதுவரை சொன்னதில்லை.

2. கொளஞ்சி

கொளஞ்சி முதலில் வந்தபோது அவருக்கு முப்பத்துநாலு வயது. கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துக்காரர். ஒடிசலான ஆள். இருமல், மூச்சு வாங்கல், எடை குறைவு. மனைவி வசந்தாதான் பேசினார்.

"என்ன வேலை?" என்று கேட்டேன். ஓபி சீட்டில் பேர், வயது, ஊர் இவற்றுக்குத்தான் கட்டம் உண்டு. வேலைக்குக் கட்டமே கிடையாது. கேட்டதற்காகவே என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"மாவு அரைக்கிற எடத்துலங்க," என்றார் வசந்தா.

பேருக்குப் பக்கத்தில் 'மாவு மில் தொழிலாளி' என்று எழுதினேன். என் மனசில் வந்தது எங்கள் ஊர் மாவு மில். பெல்ட் ஓடும், தூக்குவாளியில் கோதுமை வரிசையாக நிற்கும், மில்காரர் புருவமெல்லாம் வெள்ளையாக இருப்பார். அவர் எண்பது வயதுவரை இருந்தார்.

எக்ஸ்ரேயில் இரண்டு பக்க நுரையீரலிலும் மேல்பாதியில் கடுகு தெளித்ததுபோலப் புள்ளிகள். சளியில் கிருமி இல்லை. இருந்தாலும் நம் ஊரில் இருமல், எடை குறைவு, மேலே புள்ளி என்றால் கை தானாக 'டிபி' என்று எழுதிவிடும். ஆறு மாத மாத்திரை. வசந்தா கூடவே நின்று ஒரு நாள் தவறாமல் விழுங்க வைத்தார். ஆறு மாதம் கழித்து எடை இன்னும் குறைந்திருந்தது. திரும்பவும் சளி பார்த்தோம், கிருமி இல்லை. 'திரும்பி வந்த டிபி' என்று எழுதி மறுபடியும் மாத்திரை.

அந்த வாரக் கடைசியில் கடலூரில் கூட்டம். 'மக்கள் நலவாழ்வும் மத்திய அரசும்' என்பது தலைப்பு. கொளஞ்சியின் எக்ஸ்ரேயை இன்னொரு தரம் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க எனக்கு நேரமில்லை. குறிப்பு எடுக்க நேரமிருந்தது. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

3. யார் மேல் பிராது?

இரண்டாவது தடவை மாத்திரை முடிகிற சமயம் வசந்தா மட்டும் வந்தார். மருந்து கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அவருக்கு இருக்குற வியாதி பேர இதுல எழுதிக் குடுங்க டாக்டரம்மா. தமிழ்லயே எழுதுங்க."

"எதுக்கு?"

"மணவாளநல்லூரு கோயில்ல பிராது கட்டப் போறேங்க."

இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் அது. போலீசில் புகார் எழுதுவதுபோல, குறையைத் தாளில் எழுதிச் சாமி முன்னால் வைத்து, பிறகு முனியப்பர் சந்நிதியில் இருக்கிற வேலில் கட்டிவிடுவார்கள். பேர், ஊர், கோயிலிலிருந்து எவ்வளவு தொலைவு, யார் மேல் புகார் எல்லாம் சரியாக எழுத வேண்டும். குறை தீர்ந்ததும் திரும்பப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும், அதற்கு 'ராஜினாமா' என்று பேர். கொளஞ்சிக்குப் பேரே அந்தச் சாமியுடையதுதான்.

நான் கோயிலுக்குப் போகாதவள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மனு கொடுக்கணும்னா கலெக்டருக்குக் கொடு. மந்திரிக்குக் கொடு. சாமி என்ன மருத்துவக் கல்லூரியா கட்டப் போகுது?" என்று தொடங்கி, நாட்டின் சுகாதாரக் கொள்கையை அவருக்கு விளக்கினேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வசந்தா பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"கவர்மெண்டுக்கும் எழுதுறேங்க. மொதல்ல வியாதி பேரு சொல்லுங்க."

"டிபின்னு எழுதிக்க."

"ரெண்டு வாட்டி மாத்திர முழுங்கியும் போகலியேங்க. நான் பாட்டுக்கு டிபின்னு எழுதிக் கட்டிப்புட்டு, அது வேற வியாதியா இருந்துச்சுன்னா சாமி எதப் போயி விசாரிக்கும்?"

என் மேலதிகாரிகள் யாரும் என்னை இப்படிக் குறுக்கு விசாரணை செய்ததில்லை. சமாளிக்கக் கிண்டலில் இறங்கினேன்.

"அது இருக்கட்டும். யார் மேல பிராது? எதிராளி பேரும் எழுதணும்ல?"

"மாவு மேலதாங்க."

"எந்த மாவு? கோதுமை மாவா, கேப்பை மாவா?"

வசந்தா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்திருப்பார்.

"என்னங்க டாக்டரம்மா இப்புடி கேக்குறீங்க? கல்லு மாவுங்க. வெள்ளக்கல்ல ஒடச்சு அரைச்சு வர்றது. பீங்கானுக்குப் போடுற மாவு. ஒம்போது வருசமா அதுக்குள்ளதான கெடந்தாரு."

என் மேசைமேல் இரண்டு சாமான்கள் இருந்தன: நான் டீ குடிக்கிற வெள்ளைக் கோப்பை, பேனா வைக்கிற யானை பொம்மை. இரண்டும் இந்த ஊர்ப் பட்டறையில் செய்த பீங்கான். நிமிர்ந்து மேரியைப் பார்த்தேன்.

"இங்க மாவுன்னா அதாங்க மேடம்," என்றார் மேரி, மெதுவாக. அவர் நல்லூர்க்காரர். "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அலமாரியிலிருந்து கொளஞ்சியின் எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சிலிகோசிஸ். கல்தூசி நுரையீரலில் படிந்து அதைக் கெட்டியாக்கிவிடுகிற நோய். கல்லூரியில் இதற்கு நான் நல்ல மார்க் வாங்கியவள். மாத்திரையால் போகாது. தூசியை விட்டு விலகினால் நோயின் வேகம் கொஞ்சம் குறையலாம். விலகச் சொல்ல வேண்டியவள் நான். மாத்திரை தெம்பில் எட்டு மாதம் மறுபடி அந்தக் கொட்டகைக்கே வேலைக்குப் போய்வந்தார் மனிதர். 'லேசான வேலைக்குப் போகலாம்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

"இப்ப அவர் வேலைக்குப் போறாரா?"

"எங்கங்க, வூட்ட வுட்டு எறங்கவே முடியல. அவரு எடத்துல நான் போறேன். மாவு சலிக்கிற வேல."

வசந்தாவின் புருவத்தை அப்போதுதான் பார்த்தேன். முடியின் அடியில் வெள்ளை ஒட்டியிருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். மிச்சமிருக்கிற நல்ல நுரையீரல் இவருடையது மட்டும்தான். அதுவும் அந்தத் தூசிக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

தாளை இழுத்து, சிலிகோசிஸ், கல்தூசி நோய் என்று தமிழில் பெரிதாக எழுதி, எதிராளி கல்லு மாவு என்றும் கீழே சேர்த்துக் கொடுத்தேன். என் ஆயுளில் நான் எழுதிய ஒரே பிராது அதுதான்.

4. கொட்டகை

மறுநாள் மத்தியானம் ஓபி முடிந்ததும் அந்தக் கொட்டகைக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே அரவை உருளை சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் 'பால் மில்' என்கிறார்கள், ஆங்கிலத்தில் பால் என்றால் பந்து, உள்ளே குண்டுகள் உருண்டு கல்லைப் பொடியாக்கும். வேறொரு நாளாக இருந்தால், போகும் வழியில் அந்தப் பேரை என்னிடம் சொன்னவரைப் பார்த்து, "பால் பண்ணையா?" என்று கேட்டிருப்பேன், அன்று வாயைக் கட்டிக்கொண்டேன். ஐந்து பெண்கள் முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு சலித்துக்கொண்டிருந்தார்கள். யார் வசந்தா என்று அடையாளம் தெரியவில்லை.

முதலாளிக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். அவரும் இருமினார். நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. தண்ணீர் தெளித்து அரைக்க வேண்டும், தூசியை உறிஞ்ச மின்விசிறிக் குழாய் வைக்க வேண்டும், நல்ல முகமூடி வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"தண்ணி தெளிச்சா மாவு கட்டிக்கும் டாக்டரம்மா. வாங்குறவன் வாங்க மாட்டான். நாங்க என்ன பெரிய கம்பெனியா? பத்து பேரு செய்யுற கொட்டா. எங்களுக்கெல்லாம் அந்தச் சட்டம் இல்லன்னு ஆடிட்டரு சொல்லிட்டாரு."

இதற்குப் பேர்தான் தேசிய அரசியல். எத்தனை பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்று தில்லியில் ஒரு எண்ணை மாற்றினால், இங்கே ஒரு கொட்டகை சட்டத்துக்கு வெளியே போய்விடும். அதைத்தான் அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அவர் எழுந்து போய் ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார்.

"கொளஞ்சி லீவு கேக்க இதத்தான் குடுத்தான். ஒங்க கையெழுத்துதான பாருங்க. டிபின்னு போட்டுருக்குது. மாவு மில் தொழிலாளின்னு போட்டுருக்குது. எந்த ஆபீசரு வந்து படிச்சாலும் கோதும அரைக்கிற மில்லுன்னுதான் நெனப்பாரு. இதுல என் கொட்டா எங்கங்க வருது?"

என் சீட்டு. என் எழுத்து. என் முத்திரை. அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் என் பக்கம் திரும்பிவிட்டது. வெளியே வந்து ரொம்ப நேரம் பஸ் நிறுத்தத்தில் நின்றேன். உட்கார முடியவில்லை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.

5. திருத்தம்

அந்த வாரமே எழுதினேன். தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் அலுவலகத்துக்கும், என் துறைக்கும், ஆட்சியருக்கும் ஒரே கடிதம். 'மேற்படி நோயாளியின் தொழிலை நான் தவறாகப் பதிவு செய்தேன். நோயையும் தவறாகக் கணித்தேன். அவர் அரைத்தது கல். இதே கொட்டகையில் இன்னும் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள்' என்று தொடங்கியது அது. கொளஞ்சியை ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, என் புதிய கணிப்பை உறுதி செய்து வாங்கிய காகிதத்தையும் சேர்த்து வைத்தேன்.

மேரி படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், ரிட்டயர் ஆக எட்டு மாசந்தான் இருக்குது. ஒங்க தப்ப நீங்களே எழுதிக் குடுத்தா சும்மா வுடுவாங்களா? கவர்மெண்ட்ட திட்டி எழுதுங்க, ஒண்ணும் ஆவாது. இது வேணாங்க."

மேரி சொன்னதுதான் நடந்தது. அரசாங்கத்தைத் திட்டியதற்கு வாங்கிய மெமோக்களைவிட இது கனமாக வந்தது. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். ஆனால் என் பேச்சுகளுக்கு அசையாத ஃபைல் இந்தக் கடிதத்துக்கு அசைந்தது. ஒரு டாக்டரே தன் கையெழுத்துக்கு எதிராக எழுதியிருக்கிறார் என்றால் அதை மூடிவைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. நாலு மாதம் கழித்து ஆய்வுக்கு வந்தார்கள். அந்தக் கொட்டகையில் தூசி உறிஞ்சும் குழாய் வந்தது. வேலை செய்தவர்களுக்கெல்லாம் எக்ஸ்ரே எடுத்தோம். வசந்தாவின் எக்ஸ்ரேயை நான் மூன்று தடவை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மற்றவர்களில் இரண்டு பேருக்குப் புள்ளி விழ ஆரம்பித்திருந்தது. அவர்களை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினோம்.

ஓபி சீட்டில் 'என்ன வேலை? எந்தப் பொருளில்?' என்று ரப்பர் ஸ்டாம்பு செய்து மேரி குத்த ஆரம்பித்தார். அச்சடித்த சீட்டில் அந்தக் கட்டம் வருவதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இன்னும் வரவில்லை என்று மேரி சொல்கிறார்.

கொளஞ்சி அந்த வருடக் கடைசியில் இறந்துபோனார். நான் முதல் நாளே சரியாகக் கேட்டிருந்தாலும் அவர் பிழைத்திருப்பாரா என்று தெரியாது. இன்னும் சில வருடம் இருந்திருக்கலாம். அந்தச் சில வருடம் என் கணக்கில்தான் இருக்கிறது.

இப்போதும் மேடைக்குக் கூப்பிட்டால் போகிறேன். அட்டையைப் பற்றியும் பட்ஜெட்டைப் பற்றியும் அதே கோபத்தோடுதான் பேசுகிறேன். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. நோயாளி ஒரு வார்த்தை சொன்னால் அது எனக்குத் தெரிந்த வார்த்தைதான் என்று இப்போது எடுத்துக்கொள்வதில்லை. எந்த மாவு, எந்தத் தண்ணீர், எந்தப் பொடி என்று கேட்கிறேன். இளம் டாக்டர்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

போன மாதம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் வசந்தாவைப் பார்த்தேன். இப்போது பொம்மைக்கு வர்ணம் பூசும் வேலை. ஆறு மாதத்துக்கொரு தடவை எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறாராம். பேச்சு வாக்கில் நானே கேட்டேன்: "அந்தப் பிராதை ராஜினாமா பண்ணிட்டியாம்மா?"

"இல்லீங்க டாக்டரம்மா. அவருக்காவக் கட்டுனதா இருந்தா எப்பவோ போயி எடுத்துருப்பேன். அதுல மாவு மேலன்னுதான எழுதிக் குடுத்தீங்க? பக்கத்துக் கொட்டாயில இன்னும் பறந்துக்கிட்டுத்தான் இருக்குது." பஸ் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டார். "பிராது அங்கியே இருக்கட்டுங்க. போயிட்டு வரேன்."