புள்ளி நகரக் கூடாது

என் அக்கா பூவம்மாவின் கணவர் சேதுபதியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். குடிக்க மாட்டார். சத்தம் போட மாட்டார். கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்த காலத்தில் ஒரு நாள்கூட வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை. ஓய்வு பெற்ற பிறகு பழைய டைப்ரைட்டர்களைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்துச் சேர்த்து வைக்கிறார். யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத மனிதர் என்று புக்கிட் பாத்தோக்கில் அவருடைய அடுக்குமாடி புளோக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் யாரும் அவரோடு குடும்பம் நடத்தவில்லை.

அந்த வீட்டில் உட்கார இடம் தேட வேண்டும். ஹாலில் சுவருக்குச் சுவர் கண்ணாடி அலமாரி, உள்ளே வரிசையாக மெஷின்கள். மகன் ஜெய் கல்யாணம் முடிந்து பொங்கோலுக்குக் குடி போனதும் அவன் அறையும் மெஷின்களுக்கே போயிற்று. சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை இருந்தவரைக்கும் அத்தான் ஞாயிறு தவறாமல் அங்கே நிற்பார். அதை மூடிய பிறகு வீடு வீடாகப் பழைய சாமான் எடுக்கும் கராங்குனிக்காரர்களிடம் சொல்லி வைத்தார். வந்து சேரும் மெஷினை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எழுத்துக் கம்பி ஒவ்வொன்றையும் பல் பிரஷ்ஷால் தேய்ப்பார். அந்த வாடையில்தான் அக்கா இத்தனை வருஷம் சோறு பொங்கினாள்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று மெஷின் எப்படி இருந்ததோ அப்படியே அதை ஆக்கிவிட வேண்டும். நடுவில் எவனாவது வேறு சாயம் அடித்திருந்தால் சுரண்டி எடுப்பார். வேறு உருளை மாட்டியிருந்தால் பிடுங்கிப் போடுவார். ‘ஒரிஜினல்’ என்று சொல்லும்போது அவர் குரல் குழையும். அக்காவின் பெயரைச் சொல்லி அப்படிக் குழைந்து நான் கேட்டதில்லை.

அக்கா தமிழ் டைப்பிஸ்ட். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தாள். அங்கே கம்ப்யூட்டர் வந்ததும் அவளுடைய மெஷினை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் ஆங்கில எழுத்தோடு பிறந்த மெஷின் அது. பிறகு மெட்ராஸில் யாரோ ஒரு மெக்கானிக் ஆங்கிலத்தை எடுத்துவிட்டுத் தமிழ் எழுத்துகளைப் பற்றவைத்திருந்தார். சாப்பாட்டுக் கடை முடிந்ததும் அக்கா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதில் ஏதோ தட்டுவாள். என்ன என்று கேட்டால் ‘சும்மா’ என்பாள்.

ஒரு தடவை நான் அதில் ‘அம்மா’ என்று தட்டிப் பார்த்தேன். மற்ற எழுத்தை அழுத்தினால் உருளை ஓர் எழுத்து தள்ளிப் போகிறது, புள்ளியை அழுத்தினால் அசையவே இல்லை. மெஷின் கெட்டுப்போச்சு என்றேன். அக்கா அன்றைக்கு அப்படிச் சிரித்தாள். தமிழ் மெஷினில் புள்ளியைத்தான் முதலில் தட்ட வேண்டுமாம். அது நகராமல் நின்ற இடத்திலேயே நிற்குமாம், அடுத்து எழுத்தைத் தட்டினால் அதன் தலைக்கு மேல் புள்ளி சரியாக இருக்குமாம். “புள்ளி நகரக் கூடாது பாப்பா. நகர்ந்தா அது தமிழ் மெஷினே இல்ல” என்றாள். அறுபதை நெருங்கும் என்னை அவள் ஒருத்திதான் இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிறாள்.

அப்புறம் சர்க்கரை அவள் கண்ணைத் தின்றது. ஆபரேஷன், மறுபடி ஆபரேஷன், கிருமி, வார்டில் வாரக்கணக்கில் கிடந்தாள். தேக்காவில் என் தையல் கடையைச் சாத்திவிட்டு நான் தினமும் ஓடுவேன். அத்தானும் தவறாமல் வருவார். அவள் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, பினாங்கிலிருந்து வரப்போகும் ஏதோ ஒரு ரெமிங்டனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். கடைசியில் அவள் வீடு திரும்பியபோது இரண்டு கண்ணும் போயிருந்தன.

கொஞ்ச நாள் சுருண்டு கிடந்தாள். பிறகு ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து, என் மெஷினைக் கொண்டுவந்து வைங்க என்றாள். கண் இல்லாவிட்டால் என்ன, விரலுக்கு எல்லா இடமும் தெரியும் என்றாள். யார் கையையும் எதிர்பார்க்காமல் தானாக எழுத வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. ஜெய் நல்ல பிள்ளை, தன் ஃபோனை நீட்டினான். இப்போ எல்லாம் வாயால் சொன்னாலே தமிழில் டைப் ஆகும்மா என்றான்.

“சொல்லக்கூடியதா இருந்தா சொல்லியிருப்பேன்லா” என்றாள் அக்கா.

அத்தான் சாக்குச் சொன்னார். ரிப்பன் வர வேண்டும் என்றார். ஸ்பிரிங் ஒன்று போய்விட்டது என்றார். மழை ஈரம் என்றுகூடச் சொன்னார். அக்கா சாப்பாட்டை நிறுத்தினாள். சர்க்கரைக்காரி சாப்பிடாமல் கிடந்தால் என்ன ஆகும் என்று நான் கத்தியதும்தான் மெஷினைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். புதிதாகச் சாயம் அடித்துப் பளபளவென்று இருந்தது. அவர் அதை மறைத்துக்கொண்டு நின்றார், நான் சோபாவில் இந்தப் பக்கம் இருந்தேன். அக்கா விரலை வைத்துத் தட்ட ஆரம்பித்தாள். இரண்டே தட்டு தட்டியதும் சட்டென்று நின்றாள். கை அந்தரத்தில் நின்றது. பாவம், மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் உடனே மறுபடி தட்ட ஆரம்பித்து, பக்கம் முடிகிறவரை நிறுத்தவில்லை.

தாளை அவரே உருவினார். “ஒரு தப்பு இல்ல பூவு” என்றார்.

“படிங்க” என்றாள்.

‘முருகா துணை. இன்று முதல் மறுபடியும் எழுதுகிறேன்’ என்று ஆரம்பித்து அவர் படித்தார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அன்றைக்கு எம்ஆர்டி ரயிலில் வீடு வந்து சேரும்வரை நான் சந்தோஷத்தில் அழுதேன். அந்த மனிதரைப் பற்றி இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூடத் தோன்றியது. நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

தீபாவளிக்கு முன்னால் பிளவுஸ் அளவு கொடுக்க ரக்ஷனா என்று ஒரு பெண் கடைக்கு வந்தாள். காதில் வட்டமாக ஒரு தோடு, கண்ணாடிக்குள் ‘ழ’. மறு காதில் ‘ற’. டைப்ரைட்டர் கீ ஆன்ட்டி, வின்டேஜ், தீபாவளி பசாரில் ஒரு அக்கா செய்து விற்கிறாங்க என்றாள். அளவு நாடாவை அப்படியே போட்டுவிட்டு நான் பசாருக்குப் போனேன். விற்கிறவள் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். புக்கிட் பாத்தோக்கில் ஒரு அங்கிள் முழு செட்டாகக் கொடுத்தாராம். தமிழ் எழுத்து அவருக்கு வேண்டாமாம். எல்லாம் விற்றுப்போய் ஒன்றே ஒன்று மிச்சம். அதில் வெறும் புள்ளி இருந்ததால் யாரும் காதில் போட ஆசைப்படவில்லை. அதை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

போன நேரத்தில் படிப்பு நடந்துகொண்டிருந்தது. அத்தான் தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ‘என் கணவரைப் போல் பொறுமைசாலியை இந்த ஊரில் பார்க்க முடியாது. என் கண் போனாலும் அவர் எனக்குக் கண்ணாக இருக்கிறார்’ என்று படித்தார். நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். தாளில் ஆங்கில எழுத்துகள், நடுநடுவே எண்களும் கால்புள்ளிகளும். ஒரு தமிழ் எழுத்து இல்லை. புருஷனைப் புகழ்கிற அந்த வரி மொத்தமும் அந்தப் புருஷன் தானே புனைந்தது. நான் வாயைத் திறக்கப் போன நேரம் அக்கா கையை நீட்டித் துழாவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கோப்பி கலக்கலாம் வா என்று சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

அங்கே அந்தப் புள்ளியை அவள் உள்ளங்கையில் வைத்து, எங்கே கிடைத்தது என்று சொன்னேன். அவள் அதைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“முதல் நாளே தெரியும். ‘அம்மா’ன்னு ஆரம்பிச்சேன். புள்ளியைத் தட்டினேன், அது ஓடுச்சு பாப்பா.”

அப்படியென்றால் இத்தனை மாசமும் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன்.

“சும்மாவா இருக்கேன்? தினம் எழுதறேன், தினம் படிக்க வைக்கிறேன். அவர் மெஷினைத் தொட்டு எவ்வளவு நாளாச்சுன்னு நீயே போய்ப் பாரு.”

நான் பார்த்தேன். ஜெய்யின் அறையில் பாதி கழற்றிய மெஷின் தூசி படிந்து கிடந்தது. மனிதர் பாதியாக இளைத்திருந்தார். பிறகுதான் புரிந்தது. அக்காவுக்குக் கேட்டதெல்லாம் மனப்பாடம். போன வாரம் படித்ததை மறுபடி படிங்க என்பாள். அவர் மாற்றிப் படித்தால், அங்கே ஒரு வரி விட்டுட்டீங்களே என்பாள். ஒரு கடிதம்கூட ஒழுங்காக எழுதத் தெரியாத மனுஷன், சொன்ன பொய்யை எல்லாம் நாள் முழுக்க நெட்டுருப் போட்டுக்கொண்டு திரிந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

கோப்பியோடு ஹாலுக்கு வந்தோம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, கண் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதினேனே, அதை எடுத்துப் படிங்க என்றாள். அத்தான் ஏதோ ஒரு தாளை எடுத்தார். இரண்டு வரி வந்தது, அதற்கு மேல் வரவில்லை. நான் கைக்குட்டையை உதறி மடித்து, அக்கா கையிலிருந்த புள்ளியை வாங்கி அவர் முன்னால் மெஷின் மேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தாளைக் கீழே வைத்தார்.

பிறகு எல்லாம் வந்தது. அவள் வார்டில் இருந்தபோது கை சும்மா இருக்கவில்லையாம். அந்த மாடல் அபூர்வமாம், தமிழ் எழுத்து பிறகு ஒட்டியதாம், ஒரிஜினல் இல்லையாம். இன்னொரு மெஷினை உடைத்து அதன் ஆங்கிலக் கம்பிகளையும் விசைகளையும் இதில் மாட்டினாராம், கழற்றிய தமிழ் விசைகளை விற்றுவிட்டாராம். “நாலஞ்சு கீ நகராம செத்துக் கிடந்துச்சு பூவு, அதுதான் பழுதுன்னு நெனச்சேன்” என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழும்போதும் மெஷினைப் பற்றித்தான் பேசினார். மெட்ராஸில் ஆள் பிடிக்கிறேன், எழுத்தை எல்லாம் திரும்பத் தேடி எடுக்கிறேன், முன்னே இருந்த மாதிரியே ஆக்கித் தருகிறேன் என்றார்.

அக்கா கோப்பியை ஆற்றிக் குடித்து முடித்தாள்.

“பிரிச்சதைச் சொன்னீங்க, வித்ததைச் சொன்னீங்க. இத்தனை நாளா நான் என்ன எழுதினேன்னு கேக்கவே இல்லையே.”

அவர் விழித்தார். என்ன எழுதினாய் என்று அப்போதுதான் கேட்டார்.

“என் விரல் தமிழ்லதான் தட்டுச்சு. எந்தக் கீ எந்த எழுத்துன்னு தெரிஞ்சா யாரும் படிக்கலாம். மெஷின் தெரிஞ்சவர்தானே நீங்க. படிங்க” என்று சொல்லிவிட்டு, புதுத் தாளைச் சுற்றித் தட்ட ஆரம்பித்தாள்.

இது நடந்து பொங்கலும் போய்விட்டது. அத்தான் எங்கோ தேடித் தமிழ் விசைப்பலகைப் படம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்தாகப் பார்த்துப் படிக்கிறார். கட்டு கட்டாகச் சேர்ந்து கிடக்கிறது, ஒரு பக்கத்துக்கே அவருக்கு நாள் கணக்காகிறது. அக்கா இப்போது சத்தமாகப் படிக்கச் சொல்வதில்லை, அவரும் படிப்பதில்லை. முதல் பக்கத்தை முடித்த நாளிலிருந்து அவர் ஹாலில் சோபாவில் படுத்துக்கொள்கிறார். முகத்தில் ஈயாடவில்லை. அலமாரியில் இருந்த மெஷின்களைக் கராங்குனிக்காரரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கொடுத்துவருகிறார். அக்கா அவரை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை, மெஷின் கொடுப்பதை நிறுத்தவும் சொல்லவில்லை.

அடுத்த பக்கம் படித்தீர்களா என்று மட்டும் சாப்பாட்டு நேரத்தில் கேட்பாளாம். கையில் சோற்றோடு அவர் தலையை ஆட்டுவாராம். அவளுக்கு அது தெரியாதே என்று உறைத்தபின் வாயைத் திறந்து, படித்தேன் என்பாராம். ஜெய் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன வாரம் அவளுக்குத் தலை வாரிவிடும்போது பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன். அப்படி அதில் என்னதான் எழுதியிருக்கிறாய் அக்கா, எனக்காவது சொல்லேன் என்றேன். அத்தான் சோபாவில் தாளோடு உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழட்டும் என்றுதான் அக்கா குரலைத் தாழ்த்தாமல் பேசினாள்.

“சொல்லக்கூடியதா இருந்தா சொல்லியிருப்பேன்லா.”