நீக்கப்பட்ட பதிப்பு

நூலகத்தின் மேல்மாடியில், ஜன்னலை ஒட்டி நீளமாக ஓடும் அலமாரிக்கு 'எழுதுகிறவர்கள் அலமாரி' என்று பெயர். அகராதிகள், சட்டம், மருத்துவம், பறவைகள், கப்பல்கள், பூட்டுகள் என்று, எழுதுகிறவன் முழித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் கை கொடுக்கிற புத்தகங்கள் எல்லாம் அதில் இருந்தன. அந்த அலமாரியைக் கட்டிக் காத்தவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும், யார் கண்டது. எவர் எதைச் சொன்னாலும் "ஆதாரம் எங்க?" என்று கேட்டுக் கேட்டே ஆதாரம்மா ஆகிவிட்டார். வெளியே மழை என்று சொன்னால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார்.

சும்மா சொல்லக் கூடாது, புத்தகம் பொறுக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. விற்பனைக்காரர்கள் பளபளக்கும் அட்டையைக் காட்டி வாயில் தேன் ஒழுகப் பேசுவார்கள். அதெல்லாம் அவர் காதில் ஏறாது. தனக்கு நன்றாகத் தெரிந்த ஏதாவது ஒன்றை அந்தப் புத்தகத்தில் தேடிப் பார்ப்பார். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். அதனால் தொழில்நுட்பப் புத்தகம் என்றால் நேராகப் பஞ்சர் ஒட்டும் பக்கத்துக்குப் போவார்.

"ட்யூப உப்புத்தாள்ல தேய்க்கணும்னே போடலியே. எழுதினவர் பஞ்சர் ஒட்டினதே இல்ல. இதுலயே அடிச்சு விடறவர் மத்ததுல என்ன உண்மைய சொல்லிடப் போறார்?"

விற்பனைக்காரர் பெட்டியை மூடிக்கொண்டு நடையைக் கட்டுவார்.

மருத்துவக் கையேடு என்றால் அவர் திறக்கிற பக்கம் வேறு. இரத்தப் புற்றுநோயில் ஒரு வகையைப் பற்றிய பக்கம் அது. அவருடைய அக்கா அந்த நோயில்தான் போனாள்.

அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அக்கா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, "இதுக்கு மருந்து இல்லன்னு டாக்டர் கைய விரிச்சுட்டார்மா" என்று சொன்னவர் அத்தான், அதாவது அக்காவின் கணவர். தண்ணீர்க் குழாய் பொருத்துகிற வேலை. கொஞ்சம் கையிறுக்கமான ஆள், தேய்ந்த வாஷரைக்கூடத் திருப்பிப் போட்டு ஓட்டிவிடுவார். அக்கா போய் மூன்றாவது வருஷம், ஆதாரம்மா நூலகத்தில் சேர்ந்த புதிதில், மருத்துவக் கையேட்டின் புதிய பதிப்பு வந்து இறங்கியது. அந்தப் பக்கத்தைத் திறந்தார். தினம் ஒரு மாத்திரை போதும், நோயாளி பல வருஷம் நல்லபடியாக வாழலாம் என்று அச்சடித்திருந்தது.

அவருக்குத் தலை சுற்றியது. ஒரு மருந்து புத்தகத்தில் ஏறுவதற்கே வருஷக்கணக்காகுமே, அப்படியானால் அக்கா உயிரோடு இருந்தபோதே இந்த மாத்திரை இருந்திருக்கிறது, விலையைக் கேட்டுவிட்டு இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டுவிட்டார் என்று தானாகவே முடிவு கட்டினார். புத்தகங்களோடு புழங்குகிறவருக்குத்தான் இப்படியெல்லாம் யோசிக்க வரும். அன்றோடு அத்தான் வீட்டு வாசலை மிதிப்பதை நிறுத்தினார். கண்டவனிடமெல்லாம் ஆதாரம் கேட்கிற அந்த வாய் அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாகத்தான் வருகிறது.

அன்று இன்னொன்றும் செய்தார். புதியது வந்துவிட்டதே என்று பழைய கையேட்டில் 'நீக்கப்பட்டது' முத்திரையைக் குத்தி, கையெழுத்துப் போட்டு, திறந்துகூடப் பார்க்காமல் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிட்டார். "பழசு பொய் சொல்லும்" என்பது அவருடைய கொள்கை. அதன் பிறகு எந்தப் புதிய பதிப்பு வந்தாலும் பழையதற்கு அதே கதிதான்.

வருஷங்கள் ஓடின. அக்கா மகள் வளர்ந்து, கல்யாணமாகி, கடல் கடந்து போனாள். இப்போது அப்பாவையும் தன்னோடு அழைத்துக்கொண்டு போக வந்திருந்தாள்.

"சித்தி, ஞாயித்துக்கிழமை கிளம்பறோம். அப்பா இனிமே திரும்பி வர்றது கஷ்டம். ஒரு தடவ உங்கள பாக்கணுங்கிறார்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது சித்தி. வயசாயிடுச்சு அவருக்கு."

"பாக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்தார் ஆதாரம்மா. அவர் பாக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது அக்கா மகளுக்கும் தெரியும். அத்தனை வருஷம் இல்லாத பாசம் கிளம்புகிற நேரத்தில் எங்கிருந்து வந்தது, மனசாட்சி குத்துகிறதோ, மன்னிப்புக் கேட்டுவிட்டு நிம்மதியாக விமானம் ஏறப் பார்க்கிறாரோ என்று அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அந்த வாரம் பார்த்து அலமாரியில் ஒரு விபரீதம் ஆரம்பித்தது. நீக்கப்பட்ட புத்தகங்கள் திரும்பி வரத் தொடங்கின. முதலில் ஒரு பழைய தொலைபேசிக் கையேடு, அடுத்து ஒரு பழைய சட்டப் புத்தகம். திறந்தால் உள்ளே அவர் குத்திய முத்திரை, அவர் போட்ட கையெழுத்து. செத்தவர் எழுந்து வந்து பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது அவருக்கு. வேண்டாத புத்தகம் அலமாரியில் இருந்தால் மேலிடத்தில் யாருக்குக் கெட்ட பெயர்? யாரோ தனக்குக் குழி பறிக்கிறார்கள் என்று தீர்மானித்து, வாசல் காவலாளியைப் பிடித்தார்.

"சாயங்காலம் பூட்டினப்புறம் யாராவது மேல போறாங்களா?"

"புத்தகம் குறைஞ்சா என்னைக் கேளுங்க மேடம். கூடினதுக்கெல்லாம் நான் எப்படி பொறுப்பாக முடியும்?"

பழைய பேப்பர்காரருக்குப் போன் போட்டார். "எடை போட்டு எடுத்துட்டுப் போனத திருப்பிக் கொண்டாந்து வெச்சா எனக்கு என்னம்மா லாபம்?" என்றார் அவர். அதிலும் நியாயம் இருந்தது. நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல்தான் ஆதாரம்மாவுக்குச் சந்தேகம் கூடும்.

கடைசியில் அவர் கண் ஒரு துணிப்பையின் மேல் விழுந்தது. வார இதழுக்குத் தொடர் எழுதுகிற ஒருவர் தினமும் மேலே வந்து உட்காருவார். எல்லாரும் அவரைக் கூப்பிடுவதே 'தொடர்கதை' என்றுதான். உள்ளே வரும்போது அவருடைய பை புடைத்துக்கொண்டிருக்கிறது, வெளியே போகும்போது சப்பையாகத் தொங்குகிறது. எந்தத் திருடன் இப்படித் திருடுவான்? மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், ஆதாரம்மா கப்பல் புத்தகங்களுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றார். தொடர்கதை அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பையிலிருந்து தடியான ஒரு புத்தகத்தை உருவி, மருத்துவ வரிசையில் செருகினார்.

"என்ன சார் நடக்குது இங்க?"

மனிதர் வெலவெலத்துப் போனார்.

"மேடம், நீங்க தூக்கிப் போட்டத எல்லாம் வருஷக்கணக்கா நான்தான் பேப்பர் கடைல வாங்கிட்டிருந்தேன். கட்டிலுக்கடியில, பரண்ல, குளியலறை வாசல்ல, எங்க பாத்தாலும் புத்தகம். இப்ப வீட்ல, இந்தக் குப்பை இருக்கணும் இல்லன்னா நான் இருக்கணும்னு சொல்லிட்டாங்க. கடைல திருப்பிப் போட மனசு வரல. அதான்."

"அதுக்கு என் அலமாரிதான் கிடைச்சுதா? பழைய புத்தகம் எழுதறவங்களுக்கு எதுக்கு சார்? தப்புத் தப்பா எழுதறதுக்கா?"

"தப்பா எழுதாம இருக்கத்தான் மேடம். என் கதை முப்பது வருஷம் முந்தி நடக்குது. உங்க புதுப் புத்தகத்த பாத்து எழுதினா, சாக வேண்டியவன் பொழைச்சு எழுந்து உக்காந்துடுவான். அன்னிக்கு ஆஸ்பத்திரில என்ன இருந்துச்சுன்னு அன்னிக்கு அடிச்ச புத்தகம்தானே சொல்லும்?"

"சொல்லும், பொய்ய சொல்லும். இருங்க, இப்பவே காட்டறேன்" என்று, தொடர்கதை செருகிய புத்தகத்தை ஆதாரம்மா இழுத்தார். மருத்துவக் கையேடு. அவர் விரல்கள் வழக்கமான பக்கத்துக்குத் தாமாகப் போயின. நோயின் பெயர் இருந்தது, அறிகுறிகள் இருந்தன. எலும்பு மஜ்ஜை மாற்றுவது சிலருக்கு உதவலாம், மற்றவர்களுக்கு வேதனையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று போட்டிருந்தது.

"பாத்தீங்களா? மாத்திரையப் பத்திப் பேச்சே இல்ல. இதப் படிச்சவன் என்னத்த எழுதுவான்?"

"எழுதினவர் மறைக்கல மேடம். அப்ப அந்த மாத்திரை இல்ல, அவ்வளவுதான்" என்றார் தொடர்கதை சாதாரணமாக.

ஆதாரம்மா முன்பக்கத்தைத் திருப்பினார். அச்சடித்த வருஷம் அக்கா போனதற்கு மறு வருஷம். எழுத வருகிறவர்களிடமெல்லாம் "முதல்ல வருஷத்த பாருங்க" என்று ஓதுகிறவர்தான். மறுபடி அந்தப் பக்கத்துக்கு வந்தார். பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, யாராவது கிழித்துவிட்டு வேறு தாளைச் செருகியிருக்கிறார்களா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தாளில் ஒரு குறையும் இல்லை. அட்டையின் உள்ளே 'நீக்கப்பட்டது' முத்திரை, அதன் கீழே அவருடைய கையெழுத்து. அன்றைக்குத் திறக்காமல் தள்ளிய அதே புத்தகம்.

"மேடம், ஒரு மாதிரி இருக்கீங்களே. தண்ணி கொண்டு வரட்டுமா?"

"இத நான் எடுத்துக்கறேன்" என்றார் ஆதாரம்மா. "மத்ததையும் கொண்டாங்க. எல்லாத்தையும். கீழ்த்தட்டு முழுக்க காலி பண்ணித் தர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தான் வீட்டுக் கதவைத் தட்டினார். வீடு காலியாகி, கூடத்தில் பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அத்தான் இளைத்துப் பாதியாகியிருந்தார். குழாய் முறுக்கிய கைகள் மட்டும் பெரிதாகவே இருந்தன. "வாம்மா" என்றார், நேற்றுத்தான் வந்து போனவளிடம் சொல்வது போல. அக்கா மகள் நாற்காலியைப் போட்டுவிட்டு, சித்தியின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

ஆதாரம்மா பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அத்தான் மடியில் வைத்தார்.

"மருந்து இருந்துச்சு, நீங்க வாங்கிக் குடுக்கலன்னு நினைச்சுட்டேன் அத்தான். இத்தன வருஷமா. இதுல போட்டிருக்கு, அப்ப மருந்தே இல்லன்னு. முந்தாநாள்தான் பாத்தேன்."

அத்தான் கண்ணாடியைத் தேடவில்லை. பக்கத்தைப் பார்க்கவும் இல்லை. புத்தகத்தை மெதுவாக மூடி ஆதாரம்மா கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு எதுக்கும்மா இது? நான் அவ பக்கத்துலயேதானே இருந்தேன்."