தனக்கே அனுமதி மறுத்தவர்

எண்பதுகளில் புதுச்சேரியில் நான் வேலை பார்த்த மில் ஆபீசில், கம்ப்யூட்டருக்கென்று ஒரு மேனேஜர் இருந்தார். கழுத்துவரை பட்டன் போட்டிருப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தால் 'முடியாது' என்று அர்த்தம்.

எந்தப் புரோகிராமுக்கும் முழு அதிகாரம் தர மாட்டார். சம்பளப் புரோகிராம் கணக்குப் போடலாம். அச்சடிக்கத் தனி அனுமதி வேண்டும்.

"உங்களுக்காவது எல்லா அனுமதியும் இருக்கா சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு எதுக்குப்பா? எனக்கு மட்டும் தப்பு பண்ணத் தெரியாதா?"

சம்பளத்துக்கு முந்தின நாள், ஏதோ ஒரு புரோகிராம் முடிவில்லாமல் ஓடி மெஷினையே முடக்கியது. அடுத்தவர் புரோகிராமை நிறுத்தும் அனுமதியை இவர் எல்லாரிடமிருந்தும் பிடுங்கியிருந்தார், தன்னிடமிருந்தும். அதைத் திருப்பித் தரும் அனுமதியையும் விட்டுவைக்கவில்லை. மெஷின் சுவிட்சை அணைக்கவும் யாருக்கும் அனுமதி கிடையாது. மறுநாள் சம்பளம் வராதென்று கேள்விப்பட்டு வாசலில் தொழிலாளர்கள் சத்தம் போட்டார்கள்.

"பாத்தியா, என்னாலகூட நிறுத்த முடியல" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மெஷின் நின்றது. எங்களுக்கு உயிர் வந்தது.

"கரண்ட் ஆபீஸ்காரனுக்கு இந்த அனுமதிய யாரு குடுத்தது?" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.