முகூர்த்தப் புடவைக்குக் கட்டம் போட்ட கதை

இணையப் பக்கத்தில் அட்டவணை போடுகிறவர்கள் நிம்மதியாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நாம் போடுவது ஒரு கட்டம். அதை ஒவ்வொரு பிரவுசரும் தன் இஷ்டத்துக்கு வரைந்து காட்டும். எந்தப் பிரவுசர் என்று பெயர் சொல்ல மாட்டேன், அதன் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடைக்கு நான் போட்ட ஒரே ஒரு அட்டவணை என்னைப் படுத்திய பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கருப்புக் கோடு

அந்தக் கடையில் முகூர்த்தப் புடவையைக் கேட்ட பிறகுதான் நெய்வார்கள். தறியில் ஏறாத புடவைக்குப் படம் ஏது? அதனால் உடல் என்ன நிறம், கரை என்ன நிறம், முந்தி என்ன நிறம் என்று வரிசை வரிசையாகக் கட்டம் போட்டுத் தரச் சொன்னார் முதலாளி. வெளியூர்க்காரர்கள் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்தால், அதன்படி பாவுக்குச் சாயம் போடுவார்கள். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்; அதன் நிறம் தப்பினால் புடவையே தப்பு.

கோட்டுக்கு நிறம் எதுவும் நான் சொல்லவில்லை. என் கம்ப்யூட்டரில் அது வெளிறிய சாம்பலாக, அடக்க ஒடுக்கமாகத்தான் தெரிந்தது. கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால் சுற்றிலும் அட்டைக் கருப்பு. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“கல்யாணப் பொடவைய சுத்தி கருப்புக் கட்டம் போட்டு வெச்சிருக்கியேம்மா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான இப்படி இருக்கும்?”

கட்டத்துக்குக் கட்டம் ஜரிகை

அவரைச் சமாதானப்படுத்த, ஒவ்வொரு வரிசையின் இரண்டு ஓரத்திலும் தங்க நிறம் மினுங்கி நடுவில் மங்குவது போலப் பின்னணி கொடுத்தேன். முதலாளியின் முகம் மலர்ந்தது. ஆர்டர் எடுப்பவள் அவருடைய மருமகள் கவிதா. அவள் தன் போனில் திறந்தாள். வரிசைக்கு என்று நான் கொடுத்த தங்கத்தை அந்தப் பிரவுசர் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகப் பூசி வைத்திருந்தது. எழுத்தையே காணோம். பக்கம் அன்றே வெளிவர வேண்டும் என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். கவிதா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அக்கா, இத்தினி ஜரிகை வெச்சா கட்டிக்கிறதுக்குப் பொடவை எங்க இருக்கும்?”

மேல் வரிசை நகர்ந்த நாள்

தங்கத்தை எடுத்தேன், கோட்டுக்கு மஞ்சள் கொடுத்தேன், பக்கம் வெளிவந்தது. கீழே தள்ளிக்கொண்டே போனாலும் உடல், கரை, முந்தி என்ற மேல் வரிசை கண்ணிலேயே நிற்கும்படியும் செய்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஒரு நாள் நான் கடையில் இருந்தபோது கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா கூப்பிட்டார். அரக்கில்தான் தாலி கட்டிக்கொள்வேன் என்று மகள் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாளாம், அதே அரக்கு கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷமாம். கவிதா ஆர்டரைப் பார்த்தாள். உடல் பச்சை, கரைதான் அரக்கு.

அந்த அம்மா தன் டேப்லெட்டைப் படம் எடுத்து அனுப்பினார். என் மேல் வரிசை அதில் ஒரு கட்டம் தள்ளி நின்றது. அரக்கு என்ற சொல்லுக்கு நேர் மேலே ‘உடல்’ என்று இருந்தது. பச்சைப் பாவு அன்று காலையிலேயே திருப்பருத்திக்குன்றத்துத் தறிக்குப் போய்விட்டிருந்தது. அதைத் தறியில் உள்ள பழைய நுனியோடு இழை இழையாகப் பிணைத்துவிட்டால், அறுத்து எடுத்து வேறு பாவு ஏற்றி நெய்து முடிப்பதற்குள் முகூர்த்தம் தாண்டிவிடும்.

நெசவாளி முனிரத்தினத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. கவிதாவை ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினேன். கோயில் பார்க்க வந்த பஸ்கள் தெருவை அடைத்துக்கொண்டிருந்தன. ஹாரன் மேல் வைத்த விரலை நான் எடுக்கவே இல்லை. எவளோ ஒரு பெண், முகம் கூடத் தெரியாது, மணவறையில் பிடிக்காத நிறத்தில் உட்கார்ந்திருப்பாள், போட்டோவில் ஆயுசுக்கும் அப்படியே இருப்பாள் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

தறி வீட்டுக்குள் ஓடினோம். பச்சைப் பாவு பிரிக்காமல் மூலையில் கிடந்தது. முனிரத்தினம் கையில் டம்ளரோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நிறம் தப்பு என்று கவிதா மூச்சு வாங்கச் சொன்னாள். ஒன்றும் கேட்காமல் பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். காலையில் வந்ததை இன்னும் ஏன் பிணைக்கவில்லை என்று நான்தான் கேட்டேன்.

“ராகு காலத்துல முகூர்த்தப் பாவ தொடுவாங்களாம்மா? அது போவட்டும்னு டீ குடிச்சிகினு இருக்கேன்.”

எனக்குத் தெரிந்து எல்லாருடைய திரையிலும் நகராமல், பிசகாமல், ஒரே மாதிரி வேலை செய்வது ராகு காலம் ஒன்றுதான்.